பதினைந்து அடி

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்று சொல்வார்கள். சடையங்குப்பத்தில் அந்தப் பூதம் கிணற்றுக்குள்ளிருந்து வரவில்லை. திருவொற்றியூரிலிருந்து சைக்கிளில் வந்தது. காக்கி அரைக்கால் சட்டை, கேரியரில் அளக்கிற டேப்பு, பையில் ஒரு கட்டு நோட்டீசு. அது நான்தான். பெயர் ராசையா, வீடு ராயபுரம். ஐம்பதாம் வருஷம் சர்க்காரின் விவசாய ஆபீஸ் ஒன்றில் மேஸ்திரியாக இருந்தேன்.

மேஸ்திரி என்றதும் கரணையும் சாந்துச் சட்டியும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊர் ஊராகப் போய் விதையும் எருவும் பற்றிச் சொல்வது, அளப்பது, அளந்ததை எழுதிக் கொண்டுவந்து ஆபீசரிடம் நீட்டுவது, இதுதான் என் வேலை. மூன்று வருஷமாக மழை பொய்த்துப்போன காலம் அது. ரேஷன் கடையில் அரிசியும் கல்லும் பங்காளிகள் மாதிரி சரிபாதி பிரித்துக்கொண்டு வந்தன. நெல் வேண்டுமென்று சர்க்கார் தவித்தது. பாசனத்துக்குப் புதுக் கிணறு வெட்டினால் முந்நூறு ரூபாய் மானியம் என்று ஒரு திட்டம் வந்தது.

எனக்குக் கை சுத்தம். வெற்றிலை பாக்குக்கூட வாங்க மாட்டேன். மற்ற மேஸ்திரிகள் சுரைக்காயும் கோழியும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வீடு திரும்புகையில் நான் வெறும் கையோடு திரும்புவேன். அதில் எனக்குத் திமிர் உண்டு. இந்தக் கதையில் நீங்கள் திட்டுவதற்கு வேறு ஆட்களும் வருவார்கள், நன்றாகத் திட்டுங்கள். ஆனால் என்னை விட்டுவிடாதீர்கள்.

சடையங்குப்பம் மாரியாத்தா கோயில் முன்னால் நின்று நான்தான் கத்தினேன். "கெணறு தோண்டுறவனுக்கு சர்க்கார் முந்நூறு ரூபா தருது!" நோட்டீசில் அப்படி அச்சடிக்கவில்லை. 'பட்டாதாருக்கு' என்று இருந்தது. யார் பெயரில் நிலம் இருக்கிறதோ அவருக்கு. இரண்டும் ஒன்றுதான் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கூட்டம் கலைந்த பிறகு ஒரு ஆள் மட்டும் நின்றான். சின்னப்பையன் என்று பெயர், வயது நாற்பதுக்கு மேல். ஒன்றரைக் காணி நிலத்தைக் குத்தகைக்குப் பயிர் செய்துகொண்டிருந்தான். அவன் அப்பன் காலத்திலிருந்தே அந்த மண்ணில்தான் உழைப்பு. எழுத்து எதுவும் கிடையாது, வாய்ப்பேச்சுதான். பட்டா, டோல்கேட்டில் மரம் அறுத்து விற்கும் மரவாடி வைத்திருந்த பொன்னுரங்கத்தின் பெயரில் இருந்தது. பொன்னுரங்கம் அந்த நிலத்தை மிதித்துப் பல வருஷம் ஆகியிருக்கும். மூட்டையாக வந்து இறங்கும் நெல்லை வைத்துத்தான் தனக்கு அங்கே நிலம் இருப்பது அவருக்கு ஞாபகம் வரும். மூன்று வருஷமாக மூட்டை வரவில்லை. வருகிற பங்குனிக்குள் நெல் அளக்காவிட்டால் நிலத்தை உப்பளக்காரருக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்.

"மேஸ்திரி, பட்டா என் பேர்ல இல்லியே. தோண்டினா துட்டு எனுக்கு வருமா?" என்று கேட்டான்.

"தோண்டப்போறது நீதானே? மொதலாளி ஒரு கையெழுத்துப் போட்டா போதும், வரும்."

இதை எந்த ரூலில் படித்தேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

அவனோடு நானும் டோல்கேட்டுக்குப் போனேன். பொன்னுரங்கம் நல்ல மாதிரியாகத்தான் பேசினார். எனக்கு டீ வரவழைத்தார், நான் வேண்டாமென்றேன். படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, "தோண்டிக்கோடா. துட்டு வந்தா உனுக்குத்தான். சர்க்கார் துட்டு எனுக்கு இன்னாத்துக்கு?" என்று சிரித்தார். சின்னப்பையன் குனிந்து கும்பிட்டான். வெளியே வந்ததும் என்னையும் கும்பிட்டான். எனக்குப் பெருமையாக இருந்தது.

உழவு மாடு இரண்டையும் விற்றான். மானியம் வந்ததும் மறு ஜோடி பிடித்துவிடலாம் என்று கணக்கு. அந்தக் காசில் சுட்ட மண் உறை வாங்கி, கால்வாயில் படகேற்றிக் கொண்டுவந்தான். மணல் பூமியில் உறை இறக்காமல் கிணறு நிற்காது. அவன் தோண்ட, அவன் பெண்டாட்டி பூவம்மா கூடையில் மணல் சுமந்தாள். எட்டாவது அடியில் மணல் நனைந்தது, ஒன்பதாவது அடியில் ஊற்று கொப்பளித்தது. உறைக்குள் தண்ணீர் இடுப்பளவு நின்றது. இறைக்க இறைக்க ஊறியது. கிணற்றோரத்தில் நாற்றங்கால் விட்டார்கள்.

அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம். புதுக் கிணற்றின் முதல் குடம் நிலத்துக்காரர் வீட்டுக்குப் போக வேண்டும். பூவம்மா குடத்துக்கு மஞ்சள் பூசி, வேப்பிலை சொருகி, இடுப்பில் வைத்துக்கொண்டு கால்வாயைத் தாண்டி டோல்கேட் வரைக்கும் நடந்தே போனாள். பொன்னுரங்கத்தின் சம்சாரம் சொக்கம்மாள் ஒரு வாய் குடித்துவிட்டு, "தேனாட்டம் கீதுடி" என்றாளாம். தெருவில் நாலு பேருக்கு அந்தத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தாளாம். பூவம்மாவுக்கு ஒரு தேங்காய் கிடைத்தது.

நான் அளக்கப் போன அன்று நாற்று விரற்கடை உயரம் இருந்தது. அப்படி ஒரு பச்சையை நான் அந்த வருஷம் வேறெங்கும் பார்க்கவில்லை. பூவம்மா பித்தளைச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடி மேஸ்திரி. நம்ம கெணத்துத் தண்ணி."

"வாணாம்மா. நான் யார் கையிலயும் ஒண்ணியும் வாங்குறதில்ல."

"தண்ணிதானே நைனா? அதுக்கு இன்னா துட்டா குடுக்கப்போற?"

வேண்டாமென்று தலையாட்டிவிட்டு டேப்பை இறக்கினேன். தரையிலிருந்து அடிமட்டம் வரை ஒன்பது அடி, மூன்று அங்குலம்.

"இன்னாப்பா சின்னப்பையா, பதினஞ்சு அடி இருக்கணுமே. ரூல்ல போட்டுகீதே" என்றேன். பதினைந்து அடிக்குக் குறைந்தது கிணறு இல்லை, குழி, என்று யாரோ ஒரு பெரியவர் மேஜையில் உட்கார்ந்து எழுதிவைத்திருந்தார். நானும் அதை நோட்டீசில் படித்தவன்தான். கோயில் முன்னால் கத்தும்போது சொல்ல மறந்துவிட்டேன்.

சின்னப்பையன் முகம் செத்துப்போயிற்று. "அதுக்குக் கீய போவக்கூடாது மேஸ்திரி. பத்தடிக்கு மேல கருப்பு சேறு வந்துரும், கிளிஞ்சலும் சேறுமா. அத்தப் பேத்தா அடீல கீற உப்புத் தண்ணி மேல ஏறிக்கும். கடலோரத்துல மேல கீறது மய தண்ணி, கீய கீறது கடலுத் தண்ணி. எங்கப்பன் சொல்லிக்கினே இருக்கும்."

"அதுக்கு நான் இன்னா பண்றது? ரூலு."

"தண்ணிதான் கீதே. வேணும்னா ஏத்தத்தப் போட்டு நாளெல்லாம் எறைச்சிக் காட்றேன். நீ பதினஞ்சுன்னு எய்திக்கோ. ஒரு வார்த்தை. உன் கால்ல வுயறேன்."

விழுந்தே விட்டான். நான் இரண்டடி பின்னால் நகர்ந்தேன். கோபம் வந்தது எனக்கு. பொய் எழுதச் சொல்கிறானே, என்னை யாரென்று நினைத்தான் என்று. "பொய்க் கணக்கு எய்தி எனக்குப் பயக்கமில்ல" என்று ஊரே கேட்கும்படி சொன்னேன். ஒன்பது அடி மூன்று அங்குலம் என்றே எழுதிக்கொண்டு வந்தேன்.

ஆபீசர் பக்தவச்சலம் அந்தத் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தண்ணி இருக்கா?" என்றார். இருக்கிறது சார் என்றேன். "நான் போய் அளக்கப்போறதில்லே. நீ எழுதறதுலே கையெழுத்துப் போடறவன் நான். யோசிச்சு எழுதிண்டு வா" என்று தாளைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு நன்றாகவே புரிந்தது. ஒரு பென்சில் கீறலில் அந்தக் குடும்பம் பிழைத்திருக்கும். ஆனால் ராசையா பொய் எழுதினான் என்று ஆகிவிடுமே! மறுநாளே சடையங்குப்பத்துக்குப் போய், ஒரு மாதத்துக்குள் பதினைந்து அடி ஆனால் பணம் உண்டு, இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி இடம் கொடுக்கவில்லை.

பிறகு நடந்ததை எனக்குச் சொன்னவள் பூவம்மா. நாலு நாள் அவர்கள் தோண்டவில்லை. நாற்று இருக்கிறது, தண்ணீர் இருக்கிறது, ஆனால் உழுவதற்கு மாடு இல்லை. மாடு வேண்டுமென்றால் பணம் வேண்டும், பணம் வேண்டுமென்றால் ஆறடி ஆழம் வேண்டும். "வாணாம்யா, கருப்பு சேத்தத் தொடாத" என்று அவள் அழுதிருக்கிறாள். அவன் ஒரு யோசனை சொன்னானாம். "பதினஞ்சு அடி தோண்டுவோம், மேஸ்திரி வந்து அளந்துக்கினு போவட்டும். அவுரு போனதும் களிமண்ணக் கொட்டி மிதிச்சி, பழையபடி ஒம்பதடிக்கு மூடிர்றேன். ரெண்டு நாளு வேல." அந்த மண்ணைப் பிறந்தது முதல் அறிந்தவன், அந்த மண்ணையே ஏமாற்றிவிடலாம் என்று நினைத்தான். ரூலை ஏமாற்ற நான் விடவில்லை, வேறு எதைத்தான் அவன் ஏமாற்றுவான்?

பூவம்மாவின் காது கம்மல் போயிற்று. மேலும் உறை வந்தது. கருப்புச் சேறு பதினோராவது அடியில் ஆரம்பித்து இரண்டடி கனத்துக்கு இருந்தது. அதைப் பேர்த்த அன்று சாயங்காலமே தண்ணீர் கரித்துவிட்டது. பதினைந்தைத் தொட்டபோது வாயில் வைக்க முடியவில்லை.

நான் மறுபடி போனேன். டேப்பு பதினைந்து அடி ஓர் அங்குலம் காட்டியது. இந்தத் தடவை பூவம்மா செம்போடு வரவில்லை. நாற்றங்காலைப் பார்த்தேன். நுனியெல்லாம் தீய்ந்த மாதிரி பழுத்திருந்தது.

"அளந்துக்கினியா மேஸ்திரி?" என்று சின்னப்பையன் கிணற்றுக்குள்ளிருந்து கேட்டான். மேலெல்லாம் கருப்புச் சேறு. கரையில் களிமண் மலையாகக் குவிந்திருந்தது. "அளந்துக்கினேன்" என்றதும், நான் சைக்கிளைத் திருப்புவதற்கு முன்பே அவன் மண்ணை உள்ளே தள்ள ஆரம்பித்துவிட்டான்.

படிவத்தில் ஆழம் எவ்வளவு, விட்டம் எவ்வளவு, தண்ணீர் உண்டா என்று மூன்று கேள்விகள் இருந்தன. தண்ணீர் உண்டு என்று எழுதினேன். அது என்ன தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. நான் எழுதியதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

களிமண் நிற்கவில்லை. இருபது கூடை கொட்டி மிதித்தால் மறுநாள் காலையில் நடுவில் குமிழ் விடும். பதினெட்டு நாள் அவனும் அவளும் கொட்டினார்கள். உப்பு ஓயவில்லை. நாற்று முழுக்கச் செத்தது.

தை மாதம் திருவொற்றியூர்ப் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பந்தல் போட்டு மானியம் கொடுத்தார்கள். தோரணம், நாதஸ்வரம், சோடா எல்லாம் இருந்தன. சின்னப்பையனும் பூவம்மாவும் விடியற்காலையிலேயே வந்து பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவன் வேட்டி வெளுத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "துட்டு வந்தா மொதல்ல மாடு மேஸ்திரி. அந்தாண்ட ரெண்டு துண்டு நெலத்துல இன்னும் உப்பு ஏறல. மய பெஞ்சா இதுவும் தெளிஞ்சிரும்" என்றான். நம்பிக்கையோடுதான் சொன்னான்.

பெயர் கூப்பிட்டார்கள். "சடையங்குப்பம், பட்டாதார் பொன்னுரங்கம்." பட்டு ஜிப்பாவும் சந்தனப் பொட்டுமாகப் பொன்னுரங்கம் மேடையேறினார். மாலை போட்டார்கள், கவரைக் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அதிக உணவு விளைவிக்கும் உத்தம விவசாயி என்று மைக்கில் ஒருவர் சொன்னார். நெல் எந்த மாதம் நடுவது என்று அந்த உத்தமரைக் கேட்டிருந்தால் போட்டோக்காரனைத்தான் பார்த்திருப்பார்.

கீழே இறங்கியவரிடம் சின்னப்பையன் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "மொதலாளி, அந்தத் துட்டு..." என்று இழுத்தான்.

"எந்தத் துட்டு?"

நான் குறுக்கே போனேன். "மரவாடியில வச்சி நீங்க சொன்னீங்களே, துட்டு அவனுக்குத்தான்னு. நான்தானே பக்கத்துல இருந்தேன்." சத்தம் கேட்டு ஆபீசர் பக்தவச்சலமும் வந்தார். கிணறு தோண்டியது இவன்தான் சார், மாட்டை விற்றுத் தோண்டினான், என்றேன் அவரிடம்.

பொன்னுரங்கம் கொஞ்சமும் பதறவில்லை. "தோண்டினது அவன்தான், யாரு இல்லேன்னது? என் மரத்தத்தான் தெனமும் பத்து பேரு அறுக்குறான், மரம் அவனுக்கா சொந்தம்? சின்னப்பையா, நீயே சொல்லு. மொத கொடம் யாரு வூட்டுக்கு வந்துச்சி?"

"உங்க வூட்டுக்குத்தான் மொதலாளி."

"மஞ்சப் பூசி எட்தாந்து குடுத்தது யாரு?"

"என் பொஞ்சாதிதான்."

"மொத கொடம் கெணத்துக்காரன் வூட்டுக்குத்தானே போவும்?"

"ஆமா மொதலாளி" என்றான் சின்னப்பையன். அதைத் தவிர அவனுக்கு வேறு பதில் தெரியாது. மரியாதைக்குக் கொண்டுபோன குடம் அது. அதைச் சாட்சியாக நிறுத்துவார்கள் என்று எந்தக் குடியானவன் நினைப்பான்? ஆபீசர் கடிகாரத்தைப் பார்த்தபடி நகர்ந்துவிட்டார்.

பொன்னுரங்கம் விடவில்லை. "அந்தத் தண்ணி தேனாட்டம் இருந்துச்சி மேஸ்திரி, என் சம்சாரம் குடிச்சா, தெருவே குடிச்சிது. இப்ப போய்ப் பாரு. பேராச புடிச்சித் தோண்டி என் நெலத்தையே உப்பாக்கிட்டான் பாவி. நியாயமாப் பாத்தா இவன்தான் எனுக்கு நஷ்டம் குடுக்கணும்." ஜிப்பாப் பைக்குள் கையை விட்டு ஐந்து ரூபாய் எடுத்தார். "போவட்டும், கூலின்னு வச்சிக்கோ. நல்ல நாளுல வந்து நின்னுட்ட."

சின்னப்பையன் இரண்டு கையையும் நீட்டினான். பூவம்மா வாங்கவிடாமல் அவன் முழங்கையைப் பிடித்து இழுத்தாள். அப்புறம் விட்டுவிட்டாள், அவன் வாங்கிக்கொண்டான்.

அன்று வீட்டுக்குப் போய் நான் சாப்பிடவில்லை என்று எழுத ஆசைதான். சாப்பிட்டேன். ஆபீசருக்கு மேலே இருந்தவருக்கு நடந்ததை விவரித்து ஒரு மனு எழுதினேன். மானியம் பட்டாதாருக்கே உரியது, மேஸ்திரி தம் வேலையைப் பார்க்கவும், என்று இரண்டு வரியில் பதில் வந்தது. என் வேலையைப் பார்த்தேன்.

பங்குனியில் புது உத்தரவு. மானியம் பெற்ற ஒவ்வொரு கிணற்றிலும் தகரப் பலகை அடிக்க வேண்டும். நீலப் பெயிண்டில் வெள்ளை எழுத்து. அதைக் கிணறுதோறும் கொண்டுபோய் அடிப்பவனும் மேஸ்திரிதான். நாற்பத்தொன்றாம் நம்பர் பலகையைக் கேரியரில் கட்டிக்கொண்டு சடையங்குப்பம் போனேன்.

ஒன்றரைக் காணியும் அடையாளம் தெரியவில்லை. வரப்பை வெட்டி, தரையை மிதித்துக் கெட்டியாக்கி, சின்னச் சின்னப் பாத்திகளாகக் கட்டியிருந்தார்கள். சில பாத்திகளில் வெள்ளை பூக்கத் தொடங்கியிருந்தது. உப்பளக்காரருக்குக் குத்தகை கைமாறிவிட்டது. கால்வாய்த் தண்ணீரைவிடக் கிணற்றுத் தண்ணீர் கரிப்பு அதிகமாம், அவருக்கு ரொம்பச் சந்தோஷமாம். கொட்டிய களிமண்ணை வாரி எடுத்துவிட்டுக் கிணற்றின்மேல் ஏற்றம் போட்டிருந்தார்கள். மேலே ஏற்ற மரத்தில் ஏறி முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தவன் சின்னப்பையன். கீழே நின்று, ஏறி வரும் சால் வாளியைச் சாய்த்துப் பாத்திக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவள் பூவம்மா. இருவருக்கும் தினக்கூலி. அவள் கால் இரண்டும் முழங்கால் வரை உப்பில் வெடித்திருந்தன.

சின்னப்பையன் என்னைப் பார்த்தான். ஏற்றத்தை நிறுத்தவில்லை.

ஏற்றக் காலில் பலகையை வைத்து ஆணி அடித்தேன். 'சர்க்கார் மானியக் கிணறு. நெ. 41. உரிமையாளர் பொன்னுரங்கம். ஆழம் 15 அடி.' நாலு ஆணி அடிப்பதற்குள் சட்டை நனைந்துவிட்டது. திரும்பினால் பூவம்மா பக்கத்தில் நின்றாள். கையில் ஒரு தகரக் குவளை. பித்தளைச் செம்பு எப்போதோ போய்விட்டது போலும்.

"வெயில்ல வந்துகீற மேஸ்திரி. தண்ணி குடி."

வேண்டாமென்று சொல்ல வாய் வரவில்லை. வாங்கினேன். முதல் வாயிலேயே உப்பு தொண்டையை அரித்தது. கண்ணில் நீர் வந்தது. அவள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். குவளையைக் கடைசிவரை குடித்தேன்.

"இன்னாத் தண்ணி இது? எத்தினி அடியில கீது?" என்றாள்.

"பதினஞ்சு."

"மொத தபா நான் குடுத்தது ஒம்பதடித் தண்ணி. நீ வாங்கல" என்றாள். என் கையிலிருந்து குவளையை வாங்கி, ஏற்றச் சாலில் முக்கி, மறுபடியும் நிரப்பி என் முன்னால் நீட்டினாள்.